வேலூர் டொக்டர் அம்மா: ஐடா ஸ்கடரின் வாழ்க்கை

நமது கரையோர ஊர்களில் ஒருவர் வேலூருக்குப் போகிறார் என்றால், எதற்காகப் போகிறார் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் ஒருவருக்குப் பெரிய சுகவீனம் வந்து, கொழும்பிலும் காட்டியாகிவிட்டது, இனி இந்தியாவுக்குக் கொண்டு போகலாமா என்று ஆலோசனை நடக்கும்போது முதலில் வாயில் வரும் பெயர்களுள் அதுவும் ஒன்று. அந்த வைத்தியசாலை ஒரு பெண்ணின் உறுதியால் எழுந்தது. அந்த உறுதிக்குக் காரணமானவர்களுள் ஒருவர், பெயர்கூடப் பதிவாகாத ஒரு முஸ்லிம் பெண். இந்த இரண்டு விடயங்களும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவேதான் இந்த நூற்றாண்டு மலரில் டொக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைச் சொல்ல எண்ணினோம்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்தால் இரண்டு தினங்கள் வருகின்றன. மே 5 சர்வதேச மருத்துவிச்சிகள் தினம். மே 12 சர்வதேச தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. வைத்தியசாலைகளில் விளக்கேற்றுவார்கள், பாடசாலைகளில் பேச்சுப் போட்டி வைப்பார்கள், மூத்த தாதியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் கதையை நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகுப்பில் பாடமாகப் படித்திருக்கிறோம். சிலர் மேடையில் விளக்கும் பிடித்திருக்கிறோம். ஐடாவின் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. நமது மொழி பேசும் மண்ணில், நமது பெண்களைப் போன்ற பெண்களின் வீடுகளில் நடந்தது.

இன்னொரு நெருக்கமும் உண்டு. ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதலாவது மிஷனரி வைத்தியர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். 1836இல் அவர் குடும்பத்துடன் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தகப்பனின் பெயரையே உடையவர், அவரும் வைத்தியரானார். அவரின் ஒரே மகள்தான் ஐடா சோபியா. 1870 டிசம்பர் 9ஆம் திகதி, வட ஆற்காட்டு ராணிப்பேட்டையில் பிறந்தார்.

ஐடா சிறுமியாக இருந்தபோது சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வீட்டு முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளை வாயில் வைத்து ஊட்டும் வேலை ஆறேழு வயதுச் சிறுமிக்குக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கையை உயர்த்தும் தெம்பும் இருக்கவில்லை. அந்தக் காட்சி அவருக்கு இந்தியாவின் மீது பாசத்தை உண்டாக்கவில்லை, பயத்தையே உண்டாக்கியது. பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது, படிப்பதற்காக மகளை உறவினரிடம் விட்டு வந்தார்கள். தாயைப் பிரிந்த துயரம் அவரை நெடுநாள் வாட்டியது. பாட்டனும் தகப்பனும் பெரியப்பாமாரும் இந்தியாவுக்காக வாழ்ந்தது போதும், தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்ற முடிவோடுதான் அவர் வளர்ந்தார்.

1890இல் தாய்க்குச் சுகமில்லை என்று திண்டிவனத்திலிருந்து செய்தி போயிற்று. அப்போது ஐடா மசசூசெற்ஸில் நோர்த்பீல்ட் பெண்கள் பாடசாலையில் படித்து முடித்திருந்தார். தாயைப் பராமரிக்கக் கொஞ்சக் காலம் வந்துவிட்டுத் திரும்புவதே திட்டம். அமெரிக்காவில் வசதியான ஒரு வாழ்க்கை அமையும் என்று அவர் நம்பியிருந்தார். இருபது வயது மகளின் அந்த ஆசையில் நாம் குறை காண்பதற்கில்லை.

ஓர் இரவு திண்டிவனத்து பங்களாவின் கதவு தட்டப்பட்டது. வந்தவர் இளம் பிராமணர். அவருடைய மனைவிக்குப் பிரசவ வேதனை. நாட்டு மருத்துவிச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடாவை உதவிக்கு அழைத்தார். தான் வைத்தியர் அல்ல, தகப்பனார்தான் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர் இணங்கவில்லை. தலை குனிந்து திரும்பிப் போனார். சற்று நேரத்தில் இரண்டாவது முறை கதவு தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள். தகப்பனாரும் வரத் தயாராக நின்றார். அவரும் மறுத்துவிட்டுப் போனார். மூன்றாவதாக இன்னொரு உயர்சாதி இந்து வந்தார். அவரும் அப்படியே.

ஐடா அன்றிரவு உறங்கவில்லை. விடியற்காலையில் ஊருக்குள் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பலர் பல விதமாகச் சொல்வார்கள். அந்த மூன்று கணவன்மாரையும் மூடர்கள் என்று ஏசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. நள்ளிரவில் கைவிளக்கோடு வேற்று மதத்தவரின் வாசலுக்கு ஓடி வந்தவன் மனைவிமீது அன்பில்லாதவன் அல்ல. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஒரு பெண் வரவேண்டும். அந்த ஊரில் அப்படி ஒரு பெண் வைத்தியர் இருக்கவில்லை. அந்தப் பெண்களின் மானத்தைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருந்தது; அவர்களின் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரு பெண்ணைப் படிப்பித்து வைக்க ஒருவரும் இருக்கவில்லை. ஐடாவுக்கு அந்த விடியலில் இது விளங்கியது. தான் வைத்தியம் படிக்கப் போவதாக அன்றே பெற்றோரிடம் சொன்னார்.

1895இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் நியூயோர்க்கில் கோர்னெல் பல்கலைக்கழகம் மருத்துவப் பீடத்தைத் திறந்து பெண்களுக்கும் இடங் கொடுத்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். கப்பலேறுவதற்கு முன்னர் வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை கட்டப் பணம் சேர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. கேட்ட இடங்களிலெல்லாம் சிறு சிறு தொகைகளே கிடைத்தன. புறப்பட இருந்த வேளையில் ஷெல் என்ற முதிய வங்கியாளர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார். வைத்தியசாலைக்கு மேரி டேபர் ஷெல் என்ற அந்த அம்மையாரின் பெயரே சூட்டப்பட்டது.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் சில வருடங்கள் கூட இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். அவர் அதே ஆண்டிலேயே காலமானார். அனுபவமில்லாத இளம் வைத்தியர் தனித்து நின்றார். பங்களாவில் ஒரு சிறிய அறையில் மருந்து கொடுக்க ஆரம்பித்தார். தொடக்கத்தில் சனங்கள் நம்பவில்லை. பெண் வைத்தியருக்காக மூன்று உயிர்கள் போயின என்று படித்துவிட்டு வந்தால், பெண் வைத்தியரை நம்பி வருவதற்கு ஆளில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் அந்தச் சிறிய இடத்தில் 5,000 நோயாளர்களைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது.

1902இல் 40 கட்டில்களோடு ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஐடாவைத் தவிர வேறு வைத்தியர் அங்கே கிடையாது. சத்திரசிகிச்சையின்போது கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் பயிற்றப்பட்ட தாதி இல்லை. வீட்டில் வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்ணைப் பழக்கி எடுத்தார். டொக்டர் ஐடாவைப் பற்றிப் பேசும் போதெல்லாம் இந்தச் சலோமியை நாம் மறக்கக்கூடாது. இரவு முழுதும் நோயாளியின் பக்கத்தில் இருந்து நெற்றியைத் துடைத்தது, மலசலம் அள்ளியது, வைத்தியர் கிராமத்துக்குப் போன வேளையில் வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னது எல்லாம் இப்படிப்பட்ட கைகள்தான்.

ஒரு வைத்தியர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் தனி ஆளாக இருந்தால் கைக்கெட்டியது சொற்பமே என்று ஐடாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தாதி வேலை என்றால் குடும்பப் பெண்கள் செய்யத்தகாதது என்ற எண்ணம். இரத்தத்தையும் சீழையும் தொடுவது தீட்டு. அந்நிய ஆண்களைத் தொடுவது அதைவிடப் பெரிய குற்றம். இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதோ பேசவே வேண்டாம். இந்தப் பேச்சு நமக்கும் புதிதல்ல. நமது பழைய மாணவிகளில் தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியும், இரவுக் கடமை உண்டு என்ற ஒரே காரணத்தால் நியமனக் கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே வீடுகளில் உம்மாவுக்குச் சுகமில்லை என்று வார்டில் சேர்த்தால், பெண் மிஸ் இருக்கிறாவா என்றுதான் முதலில் கேட்கிறோம்.

வேலூரில் தொடங்கிய அந்தச் சிறு பாடசாலை 1946இல் தாதியர் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் தாதியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பது அந்த ஆண்டில்தான், டில்லியிலும் வேலூரிலும், ஆரம்பமாயிற்று.

வைத்தியசாலைக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடாவே போனார். 1906 முதல் வாரந்தோறும் குடியாத்தம் வீதியால் மருந்துப் பெட்டிகளோடு பயணம். முதலில் மாட்டு வண்டி. பின்னர் ஒரு பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டி. அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டுக் கிராமத்தார் பேய் வருகிறதென்று ஓடினார்களாம். சில வாரங்களில் அதே சத்தத்துக்காக மரநிழல்களில் காத்திருந்தார்கள். கண் நோய்க்காரர், புண்ணோடு வந்தவர், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார், ஊராரால் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளர் என்று மைல் கணக்கில் வீதியோரம் நின்றார்கள். இன்ன மரத்தடியில் இன்ன நேரம் டொக்டர் அம்மா வருவா என்பது அந்தப் பகுதியின் வழக்கமாகிவிட்டது. பிற்காலத்தில் வேலூரின் கிராமிய சுகாதாரப் பணிகள் அனைத்துக்கும் வேர் அங்கேதான்.

நமது நாட்டிலும் இதே சிந்தனை வேறொரு வழியால் வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், மருத்துவிச்சி கர்ப்பிணியின் வீட்டுக்கே போகும் முறை நாடெங்கும் பரவியது. முன்னர் சைக்கிளில் வந்தார், இப்போது ஸ்கூட்டரில் வருகிறார். ஒரு காலத்தில் பிரசவத்தில் தாய் மரிப்பது ஊருக்கு ஊர் சாதாரணச் செய்தியாக இருந்தது. இன்று நாட்டில் இலட்சம் பிரசவத்துக்கு 30, 40 என்ற அளவிலேயே அது நிற்கிறது. வாசலில் வந்து நிற்கும் மருத்துவிச்சி மிஸ்ஸுக்கு நாம் தேநீர் கொடுக்கிறோம். அந்தக் கணக்கில் அவருக்குள்ள பங்கை நினைப்பது குறைவு.

இனி ஐடாவின் மிகப் பெரிய காரியத்துக்கு வருவோம். பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பாடசாலை வேண்டும் என்று அவர் அரசாங்கத்தைக் கேட்டார். சென்னை மாகாணத்தின் வைத்தியத்துறைத் தலைவராக இருந்த ஆங்கிலேய அதிகாரி பிரைசனுக்கு நம்பிக்கையில்லை. விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூடப் பெண்கள் வரமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 151 பேர் விண்ணப்பித்தார்கள். 1918 ஆகஸ்ட் 12ஆம் திகதி பாடசாலை திறக்கப்பட்டது. கட்டடம் இல்லை, புத்தகம் போதாது, கற்பிக்க ஐடாவோடு மிகச் சிலரே. முதல் வருடப் பரீட்சை நெருங்கியபோது, ஆண்களிலேயே ஐவரில் ஒருவர்தான் சித்தியடைகிறார், மனந்தளர வேண்டாம் என்று அதே அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்தார். பரீட்சை எழுதிய 14 பெண்களும் சித்தியடைந்தார்கள். பெண்கள் பாடசாலை ஒன்றின் மலரில் இந்த ஒரு வரிக்காகவே இக்கட்டுரையை எழுதலாம்.

பின்னர் நகரத்துக்குள் பெரிய வைத்தியசாலை எழுந்தது. பழைய ஷெல் வைத்தியசாலை கண் வைத்தியசாலையாகி இன்றும் இயங்குகிறது. 1930களின் இறுதியில் சென்னை அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: இனி டிப்ளோமா செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகள் மட்டுமே மருத்துவம் கற்பிக்கலாம். பேராசிரியர்கள், ஆய்வுகூடங்கள், கட்டில்கள் என எல்லாம் பன்மடங்கு வேண்டும். அப்போது ஐடாவுக்கு எழுபது வயது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில், யுத்தக் காலத்தில், பணம் திரட்ட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஊர் ஊராகப் பேசினார்.

அங்கே வேறொரு சோதனை காத்திருந்தது. ஆண்களையும் சேர்த்தால் பல சபைகள் கூடி உதவத் தயாராக இருந்தன. சேர்க்காவிட்டால் கல்லூரி மூடப்படும் நிலை. பெண்களுக்கென்று கொடுத்த பணத்தில் கட்டியதை எப்படி ஆண்களுக்குத் திறப்பது என்று நீண்ட காலம் தோள் கொடுத்த லூசி பீபொடி அம்மையார் உட்படச் சிலர் கடுமையாக எதிர்த்து விலகினார்கள். அவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்களுக்கான இடம் ஒன்று கைநழுவினால் திரும்பக் கிடைப்பது அருமை என்பதைப் பெண்கள் பாடசாலையில் படித்த நாமும் அறிவோம். ஐடா நெடு யோசனைக்குப் பின் கல்லூரி உயிரோடிருப்பதைத் தெரிவு செய்தார். பழைய சிநேகிதிகளை இழந்த வேதனை அவருக்குக் கடைசி வரை இருந்தது. 1942இல் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். அந்த முடிவு சரியென்றே நாம் கருதுகிறோம். மூடிய கல்லூரியால் எந்தப் பெண்ணுக்கும் பயனில்லை.

1946இல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பின்னர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் வைத்தியர் பொறுப்பேற்றார். வெளிநாட்டவர் தொடங்கியதை உள்நாட்டுப் பெண்ணொருவர் ஏற்று நடத்தியது ஐடாவுக்கும் பெருமையே. அவர் கண்முன்னாலேயே வேலூர் வளர்ந்தது. போல் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். அங்கே படித்த மேரி வர்கீஸ் 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்து, தம்மைப் போன்றோருக்கான புனர்வாழ்வுப் பிரிவையும் உருவாக்கினார். நோயாளியே பராமரிப்பவராக மாறிய அந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

ஐடா திருமணம் செய்யவில்லை. முதுமையிலும் டென்னிஸ் விளையாடுவதில் பிரியம். இளைஞர்களைத் தோற்கடிப்பதில் அதைவிடப் பிரியம் என்பார்கள். வெறுமனே டொக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதி அனுப்பிய கடிதமொன்று தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89ஆவது வயதில் காலமானார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது, அந்த நகரத்தின் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வீதியின் இரு பக்கமும் திரண்டு நின்றார்கள்.

மிஷனரிப் பெண்மணியின் வாழ்க்கை நமது மலருக்கு எதற்கு என்று ஓரிரு சகோதரிகள் கேட்கக்கூடும். ஐடா தம் மார்க்கத்தை மறைத்தவர் அல்ல. அதைப் பரப்பும் நோக்கமும் அவரோடு வந்தவர்களுக்கு இருந்தது. அதையும் சொல்லித்தான் எழுதுகிறோம். ஆனால் நோயாளியைப் பராமரிக்கும் பெண் நமக்கு அந்நியமானவள் அல்லள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலில் கூடாரமடித்து, காயப்பட்டோரைப் பராமரித்தவர் ருபைதா (ரழி) அவர்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அந்தக் கூடாரத்துக்கே கொண்டு செல்லப்பட்டார்கள். அப்படியொரு முன்னோடியை வைத்துக்கொண்டு, தாதி வேலை குடும்பத்துக்கு ஆகாது என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்பதுதான் நமக்கு விளங்காதது.

திண்டிவனத்தில் நடந்தது முடிந்துபோன கதை என்றும் நினைக்க வேண்டாம். மார்பில் ஒரு கட்டியைக் கண்டு, ஆண் வைத்தியரிடம் எப்படிக் காட்டுவது என்று மாதக்கணக்கில் மறைத்து, கடைசியில் மகரகமைக்குப் போகும் பெண்கள் நமது ஊர்களில் இன்றும் உண்டு. பெண் வைத்தியர் இருக்கிறார், சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, ஒக்டோபர் மாதத்தில் இளஞ்சிவப்பு நாடா கட்டி ஊர்வலமும் போகிறோம். சொல்லத்தான் வாய் வருவதில்லை. பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் வலியைப் பொறுப்பதை நமது உம்மாமார் பொறுமை என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமது கரையில் வீடு பெண்பிள்ளைக்குரியது. ஆகவே முதிய பெற்றோரும் மகளின் வீட்டிலேயே இருக்கிறார்கள். பாரிசவாதத்தில் விழுந்த வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும், மறதி நோய் வந்த உம்மாவுக்குச் சோறூட்டுவதும், நீரிழிவுப் புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அந்த மகள்தான். அவருக்குச் சீருடை இல்லை, கடமை நேரம் இல்லை, லீவு இல்லை. மே 12இல் அவரை எந்த மேடைக்கும் அழைப்பதில்லை. ஐடாவின் வாழ்க்கையும் சுகவீனமான தாயைப் பார்க்க வந்த மகளின் பயணமாகத்தானே தொடங்கியது.

அடுத்த பக்கங்களில், தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் வைத்தியர்களாகவும் கடமையாற்றிய, ஆற்றிவரும் நமது பழைய மாணவிகளின் பெயர்களை அவர்கள் படித்த ஆண்டு வரிசையில் தந்திருக்கிறோம். அதன் கீழ், வீட்டில் நோயாளி ஒருவரை நெடுங்காலம் பராமரித்துவரும் சகோதரிகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளோம். முதற் பகுதி எளிதில் நிறைந்தது. இரண்டாவதற்குப் பெயர் தரப் பலர் வெட்கப்பட்டார்கள். இதில் எழுத என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். அதனால் அங்கே இடம் மீதமிருக்கிறது. எந்த ஊரில், எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் வகுப்பில் படித்த அப்படியொருவரை நீங்கள் அறிந்தால், அவரின் சம்மதத்தோடு சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். இணைப்பிதழில் சேர்த்துக்கொள்வோம்.